வயிறு கலங்கினாலும் வண்டியில் ஏறு

தீயணைப்பு வண்டியின் சிவப்பு ஊருக்கே தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு வயிறு கலங்குவது யாருக்கும் தெரியாது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் நான் ஓடிய ஓட்டத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். பயத்தை வெளியே காட்ட முடியாத வேலையில் மாட்டிக்கொண்ட சகாக்களே, உங்களுக்கு இது புரியும்.

சினை மாடு

அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் பசு விழுந்துவிட்டது. பேச்சியம்மாள் என்ற அம்மாவின் மாடு. எங்கள் குழுவில் மூத்தவர் முருகையா அண்ணாச்சி. அவர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் இறங்கினேன். தண்ணீர் நெஞ்சு வரை இருந்தது. மாடு மிரண்டு உதைத்துக்கொண்டிருந்தது. என் இடுப்புக் கயிற்றைக் கழற்றி, தண்ணீர் பீய்ச்சும் ஹோஸோடு சேர்த்து மாட்டின் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டேன். மேலே எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள்.

மாடு பாதி உயரம் போனபோதுதான் கல்லிடுக்கில் ஏதோ அசைந்தது. நல்ல பாம்பு. மாடு உதைத்ததில் அதன் பொந்தும் இடிந்திருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கி என் பக்கமாக நீந்தி வந்தது. எனக்குக் கயிறும் இல்லை, படியும் இல்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, "பாம்பு! பாம்பு! கயித்தப் போடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். விளிம்பில் பேச்சியம்மாளின் முகம் தெரிந்தது. உதட்டில் விரலை வைத்துச் சொன்னார்:

"ஏய்யா, சத்தம் போடாத. சினை மாடு, பயந்துரும்."

எண்ணெய்க் குளியல்

சீசன் நேரம். ஐந்தருவியில் பாதுகாப்புக்கு நின்றுகொண்டிருந்தோம். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் மலைக்கு மேலே மழை. தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் நிறமானது. இரைச்சல் மாறியது. விசிலை ஊதியதும் கூட்டம் அலறிக்கொண்டு வெளியேறியது. வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும் உள்மூலையில் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். பயத்தில் கால் வரவில்லை.

கயிறு கட்டிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தேன். வழுக்கியது. தோளைப் பிடித்தேன், அதுவும் வழுக்கியது. மசாஜ் எண்ணெய் உடம்பெல்லாம் மினுமினுத்தது. மேலேயிருந்து ஒரு மரக்கிளை எங்கள் தலையைத் தாண்டிப் போய்ப் பாறையில் மோதிச் சிதறியது. அடுத்தது எங்கள்மேல்தான் என்று நினைத்தேன். என் பிள்ளைகள் முகம் வந்து போனது. அவர் இடுப்பில் இருந்த துண்டோடு சேர்த்துக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் மூட்டை போல இழுத்துக் கரையில் போட்டார். நான் குனிந்து மூச்சு வாங்கினேன். வெளியூர்க்காரர் தன் கையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எண்ணெய் இன்னும் போகலையே சார், திரும்ப எப்ப குளிக்க விடுவீங்க?"

அடுப்படியில் ஒரு குரல்

மூன்றாவது, தென்காசியில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில். மத்தியான நேரம். சமையல் கேஸ் குழாயில் தீப்பிடித்து, அடுப்படி முழுக்கப் புகை. வீட்டுக்கார அம்மா ஜெரினா கைக்குழந்தையோடு தெருவுக்கு ஓடி வந்திருந்தார். கணவர் துபாயில்.

அண்ணாச்சி பின்னாலிருந்து தண்ணீர் அடிக்க, நான் ஈரச் சாக்கோடு தவழ்ந்து போனேன். சிலிண்டர் வெடித்தால் நானும் இல்லை, சுவரும் இல்லை. அப்போது புகைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், "ஜெரினா! ஏட்டி, ஜெரினா!" என்றது. உள்ளே இன்னொரு ஆள் இருக்கிறாரோ என்று குரல் வந்த பக்கம் தவழ்ந்தேன். பார்த்தால், மேடையில் சாய்த்து வைத்த செல்போன். ஜெரினா கணவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்திருக்கிறது. அந்தக் கணவர் கண்ணுக்கு வெறும் புகைதான் தெரிந்திருக்கிறது.

"அவங்க வெளிய இருக்காங்க, பிள்ளையும் நல்லாருக்கு" என்று கத்தினேன். மறுமுனையில் அழுகை. சாக்கைப் போட்டு சிலிண்டரின் வால்வை மூடினேன், தீ அடங்கியது. ஆனாலும் சிலிண்டர் கொதித்தது. அதைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நீங்க போன வச்சிருங்க, நான் சிலிண்டரத் தூக்கணும்" என்றேன். என் குரல் நடுங்கியது அவருக்கும் கேட்டிருக்கும். பைக்குள்ளிருந்து பதில் வந்தது:

"வைக்க மாட்டேன் அண்ணே. நீங்க வெளிய போற வரைக்கும் நானும் கூட வாரேன்."

எல்லாரும் வெளியே ஓடிவரும் வாசல் வழியாக உள்ளே போவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். திரும்பி வந்தபின் கால் நடுங்குவதற்குத் தனிப்படி எதுவும் கிடையாது.