மெல்போர்னில் கொளுத்திய பட்டு

மெல்போர்னில் மகனின் அடுக்குமாடி வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, காஞ்சிபுரம் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். உடன் வந்திருந்த சம்பந்தியம்மா, சேலத்தில் வாங்கிய பட்டுப்புடவையை விரித்துக் காட்டினார்.

"சூப்பர் அத்தே!" என்றான் மகன். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். என் புடவையை ஒருநாளும் அவன் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது.

அசல் பட்டைக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வரும். இது போலியாகத்தான் இருக்கும் என்று, யாருமில்லாதபோது அவர் புடவையின் முந்தானைக் குஞ்சத்தில் கொஞ்சம் கிள்ளிக் கொளுத்தினேன். அதே நாற்றம்! கூடவே புகை அலாரமும் அலறியது. கட்டடமே தெருவுக்கு ஓடியது.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தே?" பதறினான் மகன்.

குளிரில் நடுங்கிய என்மேல், ஓடும்போது எடுத்துவந்த அந்தப் புடவையையே சம்பந்தியம்மா போர்த்தினார். கதகதவென்று இருந்தது.

இப்போதெல்லாம் யார் புடவை காட்டினாலும் கையைக் கட்டிக்கொண்டு, "நல்லா இருக்குதும்மா" என்கிறேன். வயிறு எரிந்தால் மோர் குடிக்கிறேன்.