விஜயதசமியன்று இருபத்தொன்றாம் எண்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் முப்பது டெலிபோன் எக்ஸ்டென்ஷன்கள். அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆபரேட்டருக்கு வாயும் காதும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எந்த மேசையில் யார் இருப்பார், அவர் இப்போது எந்தக் கோபத்தில் இருப்பார் என்பது வரை தெரிந்தால்தான் அந்த நாற்காலியில் குப்பை கொட்ட முடியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. நகரத்திலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்து அவற்றைக் கேபிளால் இணைத்துவிட்டுப் போனார். ஏதாவது நின்றுபோனால் அவர் மறுபடி வர மூன்று நாள் ஆகும். அவர் விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தைச் சாப்பாட்டு நேரத்தில் டிக்ஷனரியோடு படிக்க ஆரம்பித்தேன். நான் பி.யு.சி. கூடத் தாண்டாதவள். ஆனால் ஓர் இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் வேண்டும், அந்த எண்ணை வைத்துத்தான் மற்றவை அதைத் தேடிப் பிடிக்கும் என்று எழுதியிருந்தது. அட, எக்ஸ்டென்ஷன்தானே இது. பதினைந்து வருஷமாக நான் செய்கிற வேலை.

மேசைமேல் இருந்த டெலிபோன் எண்ணையே அந்தந்தக் கம்ப்யூட்டருக்கும் எண்ணாகக் கொடுத்தேன். சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் இருபத்தொன்று. ஸ்டோர்ஸ் இருபத்திரண்டு. அக்கவுண்ட்ஸ் இருபத்துமூன்று.

பிறகு ரவுட்டர் வந்தது. ஒரே டெலிபோன் லைனில் எல்லோரும் இன்டர்நெட் பார்ப்பதற்கான பெட்டி. நான் கெஞ்சிக் கேட்டுத்தான் முதலாளி வாங்கினார். எண் இல்லாத கம்ப்யூட்டர் வந்து கேட்டால் தானே ஓர் எண் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் அந்தப் பெட்டிக்கு இருந்தது. இருபத்தொன்றிலிருந்து நாற்பது வரை கொடுக்கும்படி அமைத்திருந்தார்கள். எல்லோருக்கும் நானே கையால் கொடுத்துவிட்டேன், கேட்க யார் இருக்கிறார்கள் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். தப்புதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முதலாளிக்கென்று ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கு நான் இன்னும் எண் கொடுத்திருக்கவில்லை. பூஜையன்று லேத் மெஷினிலிருந்து ஸ்டேப்ளர் வரை சந்தனம், குங்குமம். ரவுட்டருக்கும்தான். யாரோ பக்தியோடு அதன் விளக்குகள்மேலேயே சந்தனத்தை அப்பிவிட்டிருந்தார்கள். பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம். ஆயுதங்களுக்கு ஓய்வு.

மறுநாள் விஜயதசமி. நான் அண்ணனூரில் ரயிலைப் பிடித்து வந்து சேர்வதற்குள், நல்ல நேரம் தவறக் கூடாது என்று முதலாளி முதலில் ரவுட்டரையும் பிறகு தன் புதுக் கம்ப்யூட்டரையும் தன் கையாலேயே போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் போட்டார்கள்.

வாசலில் லாரி நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூஜைக்குப் பிறகு முதல் லோடு, ராகு காலத்துக்கு முன் கிளம்ப வேண்டும். அக்கவுண்ட்ஸில் சரக்கோடு போகும் சலானைத் தட்டினால் டெஸ்பாட்ச் கம்ப்யூட்டரோடு சேர்ந்த பிரிண்டரில் அச்சாகி வர வேண்டும். வரவில்லை. கையால் எழுதிய சலானைச் சரக்கு வாங்கும் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

டெஸ்பாட்ச் அண்ணன் என் மேசைக்கு வந்தார். ஆவடியிலிருந்து சைக்கிளில் வருகிற மனிதர். பழமொழி இல்லாமல் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார்.

"இன்னா தங்கச்சி, என் பொட்டி இங்கிலீஷ்ல இன்னாவோ திட்டிகினு கீது. சலான் வரல."

பின்னாலேயே முதலாளி வந்தார். வானகரத்தில் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். சத்தம் போட மாட்டார், ஒரு முறைதான் சொல்வார்.

"இத பாரும்மா. அந்த ரவுட்டர் பொட்டி வந்ததுலருந்து ஏதாவது ஒண்ணு. ராசியில்ல. லாரி கெளம்பும்போது ஒண்ணு சலான் போவணும், இல்ல அந்தப் பொட்டி போவணும். டவுன்ல கடையில எறக்கிடச் சொல்லிர்றேன்."

பெட்டி போனால் நானும் பழையபடி வாயும் காதுமாகிவிடுவேன். அது எனக்குத் தெரிந்திருந்தது.

"பொட்டி மேல தப்பு இருக்காதுங்க," என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் டெஸ்பாட்ச் அண்ணன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அவருடைய திரையைப் போய்ப் பார்த்தேன். இந்த எண்ணை வேறொரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறது, அதனால் நான் விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. எண் இருபத்தொன்று. வேறு யார் வைத்திருக்க முடியும்? இன்று புதிதாக வந்து, எல்லோருக்கும் முன்னால் எழுந்தவர் ஒருவர்தான்.

"அய்யா, உங்க கம்ப்யூட்டர்தான். பந்திக்கு முந்தி வந்து அண்ணன் எலையில உக்காந்துடுச்சு."

டெஸ்பாட்ச் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி சிரிக்கவில்லை.

"அத அணைச்சாத்தான் ஆவும்னு சொல்லாத. நல்ல நேரத்துல ஏத்துனத அணைக்கக் கூடாது."

அணைப்பதுதான் சுலபம். அதைச் செய்ய முடியாது. புத்தகத்தின் பின்பக்கத்தில், அணைக்காமலே எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கும் வழி ஒன்று படித்திருந்தேன். ஒரு முறையும் செய்து பார்த்ததில்லை.

"உங்க ரூமுக்குள்ள வரணும்," என்றேன்.

அந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி. முதலாளி அதை இழுத்து என் பக்கம் தள்ளிவிட்டுத் தான் நின்றுகொண்டார். பதினைந்து வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

அவர் கம்ப்யூட்டர் வழியாகவே ரவுட்டரின் அமைப்புக்குள் நுழைந்தேன். பாஸ்வேர்டு என் டெலிபோன் டைரக்டரியின் அட்டைக்குள் எழுதியிருந்தது. எண் கொடுக்கும் வரிசையை அறுபதிலிருந்து ஆரம்பிக்கும்படி மாற்றினேன். எங்களிடம் அறுபது என்று டெலிபோனே கிடையாது. சேமித்தேன். ரவுட்டர் அதே அறையின் அலமாரியில்தான் இருந்தது; கேட்டுக்கொண்டதா என்று பார்க்கப் போனால் விளக்குகள் சந்தனத்துக்குள் இருந்தன. துடைக்கக் கை நீட்டினேன்.

"பொட்ட அழிக்காதம்மா," என்றார் முதலாளி.

தீக்குச்சியால் ஓரமாகக் கீறினேன். பச்சை விளக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

பிறகு அவர் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து, எண்ணை விடும் பொத்தானை அழுத்தினேன். எண் இருந்த இடத்தில் வரிசையாகச் சுழியம். முதலாளி என் தோளுக்கு மேலே குனிந்து பார்ப்பது தெரிந்தது. மறுபடி வாங்கும் பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

அறுபது என்று வந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை.

"அண்ணே, உங்களுத மட்டும் ஒரு தடவ அணைச்சுப் போடுங்க," என்று கத்தினேன்.

"செத்துக் கெடக்கறத அணைச்சா இன்னா, கொளுத்துனா இன்னா," என்று பதில் வந்தது.

சற்று நேரத்தில் டெஸ்பாட்சிலிருந்து பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது. மூன்று காப்பி. அவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை. லாரி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு போனது. ராகு காலத்துக்குக் கால் மணி பாக்கி.

நான் எழுந்து, "கூடம் கோணல்தாங்க. கோணலா விட்டவ நான்தான். பொட்டிய ஒண்ணும் சொல்லாதீங்க," என்றேன்.

முதலாளி ரவுட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும்," என்றார்.

டெஸ்பாட்ச் அண்ணன் வெளியே எனக்காக நின்றிருந்தார். "தங்கச்சி, தப்ப ஒத்துகினு தலை நிமுந்து வர்றவள இன்னிக்குத்தான் பாக்கறேன். இதுக்குப் பழமொழி இல்ல, ஒண்ணு யோசிச்சுச் சொல்றேன்." கடைசி வரை அவர் சொல்லவில்லை.

அடுத்த விஜயதசமிக்கு நான் வழக்கமான ரயிலிலேயே வந்தேன். ஆபீஸ் முழுக்க இருட்டாக இருந்தது. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி தன் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எல்லாத்துக்கும் நம்பர் சரியா கீதா? நீ சொன்னாத்தான் போடணும்னு நின்னுகினு கீறேன்," என்றார்.

சரியாக இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகே சுவிட்சில் கை வைத்தார்.