வேண்டுதல் தின்ற மீன்கள்

மீன் வளர்த்தால் பணக்காரன் ஆகிவிடலாம் என்று எனக்குச் சொன்னவர் என் அக்காள் புருஷன். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். சண்டைக் காலத்தில் அரக்கோணத்தில் பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்த ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தார். சிப்பாய்கள் மீனை எப்படி வெளுத்துக்கட்டுகிறார்கள் என்று கண்ணால் பார்த்தவர். அந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு என் பிழைப்பையே மாற்றிவிடலாம் என்று கிளம்பினார்.

என் பிழைப்பும் மாறுவதற்குத் தயாராகத்தான் இருந்தது. திருத்தணிக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆர்.கே.பேட்டை ரோட்டின் மேல் எங்கள் வீடு. வீட்டுக்குள் ஒரு தறி. நூலுக்குக் கண்ட்ரோல் வந்த நாளிலிருந்து தறி சும்மா கிடந்தது, அதன் எதிரே நானும் சும்மா கிடந்தேன். பொதட்டூர்பேட்டையில் என் மாமனாருக்கு மட்டும் எப்படியோ நூல் வந்துகொண்டே இருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“இன்னாத்துக்கு மாப்ள இங்க குந்திகினு கஷ்டப்படுற? பொண்ண இட்டுகினு நம்ம வூட்டோட வந்துடு. உனக்குன்னு ஒரு தறி ஒதுக்கித் தரேன்” என்பார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் வெடுக்கென்று மறுக்க முடியவில்லை. அவருடைய மூத்த மாப்பிள்ளை ஏற்கெனவே அந்த வீட்டோடு இருந்தார். சாப்பிடும்போது அவர் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு இலை விழப்போகிறது என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஒரு வருஷம் பொறுங்கள் மாமா என்று கெஞ்சினேன். அவர் தாராளமானவர். “அடுத்த ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாரு. அதுக்கு மறுநாள் வண்டி எடுத்துகினு வந்துடுவேன்” என்றார்.

வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கல்குட்டை இருந்தது. எந்தக் காலத்திலோ கல் வெட்டி எடுத்த பள்ளம். ஊற்று இருந்ததால் கோடையிலும் வற்றாது. பாவா அதன் விளிம்பில் நின்று, ஒரு மீன் எத்தனை முட்டை போடும், அத்தனையும் குஞ்சானால் எத்தனை வண்டி பிடிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். நாங்கள் வாங்கப்போகிற கெண்டை ஜாதி குட்டைத் தண்ணீரில் முட்டையே போடாது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, என் மனைவி கேட்ட ஒரே கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. அவள் கேட்டது, “மாட்டுக்கே தவுடு இல்ல. மீனுக்கு இன்னா போடுவீங்க?” என்பதுதான்.

மீன் யாரும் தின்னாத புரட்டாசி மாதமாகப் பார்த்து மீன் தொழிலை ஆரம்பித்தோம். மெட்ராஸில் சர்க்கார் மீன் குஞ்சு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாலு மண்பானைகளில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினோம். தண்ணீரைக் கையால் அலம்பிக்கொண்டே வரவேண்டும், இல்லாவிட்டால் குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அரக்கோணத்தில் வண்டி மாறித் திருத்தணி வரைக்கும் அலம்பினோம். புரட்டாசி விரதத்துக்கு மஞ்சள் வேட்டி கட்டிய இரண்டு பேர் பேசாமல் பானைத் தண்ணீரையே பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? எதிரே இருந்த அம்மாள் எழுந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “காவடிங்களா?” என்றாள். இல்லை என்று நான் வாயெடுப்பதற்குள் பாவா “ஆங்” என்று சொல்லி, அவள் கொடுத்த இரண்டு வாழைப்பழத்தையும் வாங்கிக்கொண்டார்.

குஞ்சுகளில் பாதி பிழைத்தன. தை பிறக்கும்போது விரலை விடக் கொஞ்சம் பெரிதாயின. தவிடும் புண்ணாக்கும் வாங்க வழியில்லாமல் சாணியைக் கரைத்து ஊற்றினேன். மாமனார் மாதம் ஒரு தடவை வந்து குட்டை ஓரம் குந்துவார். ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்ப்பார்.

“எத்தினி கீது மாப்ள?”

“எண்ண முடியாதுங்க மாமா.”

“ஒண்ணும் இல்லாததக் கூட எண்ண முடியாது” என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.

இதற்கிடையில் பாவா நம்பியிருந்த பட்டாளம் வேறு ஊருக்கு மாறிப்போனது. அவர் அசரவில்லை. இரண்டே நாளில் புதுத் திட்டத்தோடு வந்தார். “மச்சான், ஆடிக் கிருத்திகைக்கு ஊரே மாசக்கணக்குல நாக்கக் கட்டிகினு கெடக்கும். விரதம் வுடுற மறுநாளு நாம மீனோட நிக்கணும். கேக்குற வெல குடுப்பான்.” இதில் எனக்கே ஒரு குறையும் தெரியவில்லை. பாவாவின் திட்டங்களில் குறை எனக்குத் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

தைக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு நடந்து வந்தவர்கள் வழக்கம்போல எங்கள் குட்டையில் கால் கழுவ இறங்கினார்கள். ஒருவர் மடியிலிருந்த பொரியில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டார். மீன்கள் குபீரென்று மேலே வந்து வாயைப் பிளந்தன. “முருகா!” என்று கத்தினார். பின்னால் வந்த கூட்டம் முழுவதும் பொரி போட்டது. அன்றைக்கு என் மீன்கள் தின்றதை அதற்கு முன் மூன்று மாதத்தில் தின்றிருக்காது.

அடுத்த கிருத்திகைக்கு என் மனைவி முறத்தில் பொரியோடு குட்டை ஓரம் உட்கார்ந்தாள். அரிசிக்கு ரேஷன் என்பதால் சோளப்பொரி. அவளே வறுத்தது. மாதா மாதம் கிருத்திகை வந்தது, மாதா மாதம் முறம் காலியானது. மீன் வளர்க்கிறவன் எல்லாம் தீனிக்குக் காசு கொடுத்து அழுகிறான், நமக்கோ தீனி போடுகிறவன் காசு கொடுக்கிறான் என்று பாவா என்னிடம் பெருமை அடித்தார். மீன்களும் ஊர்க்காரர் வீட்டு விருந்தாளிகள் போலக் கொழுத்தன. ஆனி முடிவதற்குள் ஒவ்வொன்றும் ஒரு முழம் ஆகிவிட்டது. நான் தெனாவட்டாக நடக்க ஆரம்பித்தேன். மாமனாரைக் கண்டால் முன்போலக் குனிவதில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று காவடிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. என் மனைவிக்கு மூச்சுவிட நேரமில்லை. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்கு அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. வியாபாரம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பாவா பக்கத்து ஊர் ஏரியிலிருந்து ஒரு வலைக்காரரைக் கூட்டி வந்தார். மீன் கிடைக்கும் என்று அவர் ஊருக்குள் சொல்லிவைத்திருந்ததால், அதற்குள் முப்பது நாற்பது பேர் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். சிலர் வீட்டில் மிளகாய் அரைத்து வைத்துவிட்டே வந்திருந்தார்கள். என் மார்பு விரிந்தது. வலைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார்.

காலடிச் சத்தம் கேட்டதும் மொத்த மீனும் கரைக்கு ஓடி வந்தது. அவர் கணுக்காலைச் சுற்றி வட்டமாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் கொஞ்சம் தள்ளிப் போனார். மீன்களும் தள்ளிப் போயின. இன்னும் தள்ளிப் போனார். கூடவே வந்தன. வலைக்காரர் மேலே ஏறி வலையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“இன்னாய்யா ஆச்சு?” என்றார் பாவா.

“முப்பது வருசமா வல போடறேங்க. எந்த மீனும் என்னப் பாத்தா ஓடும். இது வந்து கும்புடுது. எனக்கு வேணாங்க. நேத்துதான் நானும் காவடி எறக்கிட்டு வந்தேன்.”

“நீ போடலன்னா போ, வேற ஆளு பாத்துக்கிறேன்” என்று பாவா கத்தினார். அப்போது பாத்திரத்தோடு நின்ற ஒரு பெண்பிள்ளை, “இந்தக் குட்ட மீனா நீங்க விக்கப்போறீங்க?” என்று கேட்டாள். அவர்கள் எல்லோரும் எங்கிருந்தோ கூடையில் மீன் வரும் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது.

“நேத்துதான் என் புள்ளைக்குக் காய்ச்சல் போவணும்னு வேண்டிகினு இதுக்குப் பொரி போட்டேன். அந்தக் காய்ச்சல் எந்த மீனு வயித்துல கீதோ, யாருக்குத் தெரியும்?” என்றாள் அவள்.

அவ்வளவுதான். இன்னொருத்தி தன் மாமியாரின் மூட்டுவலிக்குப் போட்டிருந்தாள். ஒருவர் கோர்ட்டுக் கேஸுக்கு. ஒருவர் மூலத்துக்கு. யார் வியாதி எந்த மீனில் இருக்கிறது என்று தெரியாமல் குழம்பு வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

“வேண்டிகினு போட்டா பலிக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது?” என்று நான் ஆத்திரத்தோடு கேட்டேன்.

“இன்னாங்க தெரியாத மாதிரி கேக்குறீங்க? உங்க பொஞ்சாதிதான் சொன்னாங்க. நாலஞ்சு மாசமா சொல்லிகினு கீறாங்க.”

பாவா தலையில் கை வைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் வீட்டுக்குள் ஓடினேன். அவள் பொரி வறுக்கும் இரும்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மீன் விற்காவிட்டால் மாமனார் வீட்டுப் பந்திதான் என்று அவளுக்குத் தெரியாதா?

“ஏன் அப்படி சொன்ன?” என்றேன்.

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். “மீன ஒரு தபாதான் விக்கலாங்க. அப்புறம் குட்ட காலி, உங்க பாவா திரும்பப் பானையத் தூக்கிகினு ரயிலு ஏறுவாரு. பொரி அப்படியா? மாசாமாசம் கிருத்திக வரும், மீனு பசியோட நிக்கும். நான் எங்க நைனா வூட்டுக்குப் போவ மாட்டேன். எங்க அக்காவப் பாத்தீங்கல்ல? பொறந்த வூட்டுலயே விருந்தாளி மாதிரி குந்திகினு, அண்ணிங்களுக்கு நூல் சுத்திகினு. அவ சிரிச்சு எத்தினி வருசம் ஆவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. அவள் புருஷன் இரண்டாம் தடவை குழம்பு கேட்காததை மட்டும் பார்த்திருந்தேன். அதே பந்தியில் பரிமாறிக்கொண்டு நின்றவளை நான் பார்க்கவில்லை. வருஷம் முழுவதும் என் மானம் போகும், என் இலை விழும் என்று பயந்தேனே தவிர, உனக்கு அங்கே போக இஷ்டமா என்று என் மனைவியை ஒரு தடவை கூட நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வாசலில் மாட்டு மணி கேட்டது. சொன்ன சொல் தவறாமல் மாமனார் வண்டியோடு வந்துவிட்டார். குட்டை ஓரத்தில் பாவா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். “தறிய கழட்டிடலாமா மாப்ள?” என்றார், மெதுவாக, நோகாமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி வெளியே வந்தாள். “தறி அங்கியே கெடக்கட்டும் நைனா. சட்டி காலி, சோளம் ஒரு மூட்ட வேணும். அம்மையார்குப்பத்துல நல்ல சோளம் கெடைக்குதாம். வண்டிதான் சும்மா கீதே, இவர இட்டுகினு போய் ஏத்திகினு வந்துடு.”

மாமனார் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். நான் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். குட்டை கண்ணுக்கு மறைந்த பிறகு அவர் மாடுகளின் வேகத்தைக் குறைத்தார்.

“எங்க வூட்டுக்கு வர அவளுக்கு இஷ்டமில்லன்னு உனக்கு மொதல்லியே தெரியுமா மாப்ள?” என்று கேட்டார்.

“தெரியுங்க மாமா” என்று பொய் சொன்னேன்.