ரவி அண்ணனுக்கு முதல் பந்தி

முத்தியால்பேட்டையில் நான் தினமும் மதியம் சாப்பிடும் மெஸ். பரிமாறும் ரவி அண்ணன் தங்கமான மனிதர். கூட்ட நேரத்தில் மட்டும் உடன் வேலை செய்பவர்களைக் கடித்துக் குதறுவார். போன வாரம் பாத்திரம் கழுவும் லட்சுமி அக்கா அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்று போனபோது இலை போட ஆளில்லை. ரவி அண்ணன் ஓரமாக உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த மெஸ்ஸிலும் பரிமாறுபவர் கடைசியில்தானே சாப்பிடுவார்?

முதலாளி செல்வி அக்காவிடம் கேட்டேன்.

"வேலைய விட்டு நிறுத்திடலாம்னுதான் இருந்தேன். அப்புறம் யோசிச்சா, மனுஷன் காலையிலேர்ந்து பட்டினியா நின்னுக்கினு ஊருக்கே சோறு போடுறாரு. லட்சுமிகிட்ட மன்னிப்பு கேக்க வச்சேன். இனிமே மொத பந்தி உங்களுக்குதான்னு சொல்லிட்டேன். நீ செத்த இரு."

ரவி அண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். "லட்சுமி, அந்த தம்ளர கொஞ்சம் எடுத்தாம்மா."

அம்மாவாம். லட்சுமி அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு தம்ளரை நீட்டினார்.

எங்கள் ஆபீஸ் மேனேஜர் வீட்டில் யாராவது இதைப் படித்தால், நாளை காலை அவருக்கு இரண்டு இட்லி சேர்த்து வையுங்கள்.