கூடத்தில் வைத்த கடல்

எழுபதுகளின் பிற்பாதியில் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. நன்னீர் மீன் வளர்த்தவர்கள் ஊரில் இரண்டொருவர் உண்டு. கடல் நீரில் வளர்க்கத் துணிந்தவன், நான் அறிந்தவரை, நான் ஒருவன்தான். அதில் எனக்கிருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை.

தொட்டிக்குக் காரணம் என் மனைவி. மணமான மூன்றாம் ஆண்டில் எங்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை பதினோராம் நாள் இறந்துபோனது. அதன்பின் அவளுடைய பேச்சு ஒன்றிரண்டு சொற்களாகச் சுருங்கிவிட்டது. பிறந்த ஊரான தூத்துக்குடியில் சில மாதம் இருந்து வரட்டும் என்றார் மருத்துவர். நான் அனுப்பவில்லை. மனைவியை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று ஊரில் பேச்சு எழும் என அஞ்சினேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், "கடலைப் பாத்தாக்கூடப் போதும்" என்றாள். அவளை அங்கே அனுப்புவதைவிடக் கடலை இங்கே கொண்டுவருவது எனக்கு எளிதாகப் பட்டது.

என் தாய்மாமன்தான் என் மாமனார். உப்பளத்தில் பாத்தி மிதித்து, பின்னாளில் கங்காணியானவர். நானோ இரசாயனத்தில் பட்டம் பெற்று அரசு அலுவலகத்தில் அமர்ந்தவன். கேட்டவர்களிடமெல்லாம் "மாமனார் உப்பு வியாபாரம்" என்றே சொல்லி வந்தேன். பிறந்த வீட்டுத் தொழிலைப் பிறர் முன் பேசக் கூடாதென்பது என் மனைவிக்கும் தெரியும்.

நீருக்குள் காற்றுச் செலுத்தும் இயந்திரம் வாங்கும் வசதி எனக்கு இல்லை. சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டி வாங்கி, இரும்புச் சட்டத்தில் பதித்து, இடுக்குகளை மக்கு பூசி அடைத்தேன். பழைய லாரி டியூப் ஒன்றில் சைக்கிள் பம்பால் காற்றடைத்து, அதன் வாயில் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயைப் பொருத்தினேன். குழாயிலிருந்த சிறு சக்கரத்தைத் திருகினால் நீருக்குள் குமிழ்கள் எழும். காலையும் மாலையும் அவளே பம்பு அடித்தாள். யாரும் சொல்லாமல் அவள் தானாகச் செய்த வேலை, அந்த மாதங்களில் அது ஒன்றுதான்.

கடல் நீரைத் தூத்துக்குடியிலிருந்து பிளாஸ்டிக் கேன்களில் பிடித்து, கோவில்பட்டியில் பஸ் மாறிக் கொண்டுவந்தேன்.

"அண்ணாச்சி, கேன்ல என்ன, சாராயமா?" என்றார் கண்டக்டர்.

"கடல் தண்ணீர்."

"நல்லா இருக்கு போங்க! ஊர்ல குடிக்கத் தண்ணியக் காணும், நீங்க கடலைத் தூக்கிட்டு வாரீய!"

பஸ்ஸே சிரித்தது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமா கரையோரப் பாறைக் குழிகளில் பிடித்துத் தந்த மீன்கள் ஐந்து. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடுகள், தீப்பெட்டி அளவு. மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து நான் திரும்பியபோது அவள் தொட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இந்தச் சின்னது பாருங்க, மத்ததையெல்லாம் வெரட்டுது. சரியான ரவுடிப்பய."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எட்டு மாதங்களில் முதல் சிரிப்பு.

ஆனி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கியது. தொட்டியில் நீர் இரண்டு விரல், மூன்று விரல் என்று குறைந்தது. குறையக் குறைய, சேமித்து வைத்திருந்த கடல் நீரை ஊற்றினேன். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா நடந்த அன்று அலுவலக நண்பர்கள் மூவர் தொட்டியைப் பார்க்க வந்தார்கள்.

"என்ன சார், வீட்டுக்குள்ளயே திருச்செந்தூரா? மொட்டை போட ஆள் வச்சிருக்கீயளா?" என்றார் ஒருவர்.

நான் கேனைச் சாய்த்து நீர் ஊற்றிக்கொண்டே விளக்கம் சொன்னேன். காபி கொண்டுவந்த மனைவி நின்றுவிட்டாள்.

"மேல மேல கடத்தண்ணிய ஊத்தாதீங்க. தண்ணிதான் காஞ்சு போவுது, உப்பு அங்கனயேதான கெடக்கு. நல்ல தண்ணி ஊத்துங்க. எங்கய்யா பாத்தியில இப்படித்தான உப்பு வெளைய வைக்காரு."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. நண்பரின் குரலைத்தான் கவனித்தேன்.

"ஒங்க மாமனார் உப்பளத்துலயா வேலை பாக்காரு? வியாபாரம்லா சொன்னீய?"

"உள்ள போ" என்றேன் அவளிடம்.

தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்ததைப் பார்த்தேன். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கடல் நீர் அப்படிக் கரிக்காது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். கல்லூரியில் காலெடுத்து வைப்பதற்கு முன்பே நான் படித்த பாடம் அது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். திரும்பினேன். அடுக்களை வாசலில் அவள் நின்றிருந்தாள்.

நான் கடல் நீர்க் கேனைத்தான் எடுத்தேன். நண்பர்கள் முன் அவளை அடக்கிவிட்டு, மறுநாளே அவள் சொன்னபடி செய்ய என் மனம் இடம் தரவில்லை. தெரிந்தே ஊற்றினேன். அவள் வந்து டியூபுக்குக் காற்றடித்தாள்.

ஒன்பது நாட்களில் ஐந்தும் செத்தன. சின்னதுதான் கடைசி. பக்கவாட்டில் சாய்ந்து அது மூச்சுக்குத் திணறிய அன்று முழுவதும் அவள் பம்பை விட்டு எழவில்லை. பிறகு அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய்க் கொல்லையில் புதைத்தாள். கை கழுவிவிட்டு வந்து, "என்னை ஊர்ல கொண்டு விடுங்க" என்றாள்.

பஸ் நிலையத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"உங்களுக்கு அன்னைக்குக் காலையிலயே தெரியும்லா?"

"கோவில்பட்டி பஸ் வந்துட்டு" என்றேன்.

வந்திருந்தது உண்மைதான். ஏறி உட்கார்ந்தோம். தூத்துக்குடியில் அவளை விட்டுவிட்டுத் தனியே திரும்பினேன்.

அவள் திரும்பி வரவில்லை. அலுவலகத்தில், உடல்நிலைக்குக் கடல்காற்று நல்லதென்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னேன். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். மரியாதையாகப் பரிமாறினாள், வீட்டில் சமையலுக்கு ஆள் இருக்கிறதா என்று விசாரித்தாள். நான்காம் ஆண்டு மஞ்சள் காமாலையில் இறந்தாள். அந்த நான்கு ஆண்டுகளும், "ஆமாம், தெரியும்" என்று இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்துடனேயே ஒவ்வொரு மாதமும் பஸ் ஏறினேன். ஒருமுறையும் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.