சப்பாத்துக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ

எனக்கு இந்தச் சப்பாத்து துடைக்கிற வேலை அலுத்துப் போச்சு. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இந்த மனுசன்ர சேட்டை நான் அயர்ன் பண்ணினன், சமைச்சுப் போட்டன், அதெல்லாம் போகட்டும். காலில போடுற சப்பாத்தையும் நான்தான் துடைக்க வேணும் எண்டு எந்தச் சாத்திரத்தில எழுதிக் கிடக்கு?

துடைக்காமல் விடவும் ஏலாது. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கனகாலமா இருக்கிறபடியால் காலில உணர்ச்சி செத்துப் போச்சு, நெருப்பில வச்சாலும் தெரியாது. இடது கால் சின்ன விரலை முந்தியே எடுத்தாச்சு. இன்னொரு புண் வந்தா விரலோட நிக்காது, காலைத்தான் எடுக்க வேண்டி வரும் எண்டு டொக்டர் அண்டைக்கே சொல்லிப் போட்டார். அதைக் கேட்டு நான் அழுதுகொண்டு வெளியில வந்தன். இவர் வெளியில வந்து, ஒரு வடை சாப்பிடுவமோ எண்டு கேட்டார்.

இனிச் செருப்புக் கூடாது, மெல்லிய தோல் சப்பாத்துத்தான் எண்டு கிளினிக்கில நேர்ஸ் சொன்னவ. ஒவ்வொரு முறையும் போட முதல் உள்ளுக்குக் கையை விட்டுப் பாக்க வேணும், ஒரு சின்னக் கல்லுக் கிடந்தாலும் ஆபத்தாம். அவ சொன்னது இவருக்கு. காதில விழுந்தது எனக்கு மட்டும்தான்.

சப்பாத்து ரெண்டு சோடி. ஒண்டு கறுப்புத் தோல். மற்றது லண்டனில இருக்கிற மகள் அனுப்பின மண்ணிறச் சுவேட். சுவேட் எண்டா தோலின்ர உள்பக்கத்தை வெளியில காட்டித் தைக்கிறது, தடவினா பூனைக்குட்டி மாதிரி மெத்தெண்டு இருக்கும். அப்பாவின்ர காலுக்கு மெதுவாயிருக்கும் எண்டு பிள்ளை பாத்துப் பாத்து வாங்கினது. பாவம், நல்ல மனசு. ஆனா வெள்ளவத்தையில, கடலுக்கு இறங்கிற ஒழுங்கையில, மூண்டாம் மாடியில குடியிருக்கிற ஆக்களுக்குச் சுவேட் அனுப்பலாமோ? உப்புக் காத்தில யன்னல் கம்பியே உக்கிப் போகுது. மழை தொடங்கினா ரெண்டு நாளில சப்பாத்தில வெள்ளையாப் பூஞ்சணம் பூத்துவிடும்.

அதைத் தண்ணியால கழுவவும் கூடாது. நல்லாக் காயவிட்டு, பழைய பல்லுத் தீட்டுற பிரஷால ஒரே பக்கமாத் தேய்க்க வேணும். ஊத்தை பிடிச்ச இடத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையள் வச்சிருக்கிற அழிறப்பரால அழிக்க வேணும். அதுக்கும் போகாட்டி துணியில வினாகிரி ரெண்டு சொட்டு விட்டு ஒத்தி ஒத்தி எடுக்க வேணும். பிறகு பேப்பரைக் கசக்கி உள்ளுக்கு அடைஞ்சு நிழலில வைக்க வேணும், வெயிலில வச்சா விறைச்சுப் போம். கறுப்புக்கு இந்தக் கரைச்சல் இல்லை, துடைச்சுப்போட்டுக் கிறீம் பூசினாச் சரி. பூசாட்டித் தோல் காய்ஞ்சு வெடிச்சு, வெடிச்ச இடம் காலை அராவிப்போடும். ஒருக்கா நான் வீட்டில இல்லாத நேரம் இவர், கிறீம் என்னத்துக்கு, தேங்காயெண்ணெய் காணும் எண்டு அள்ளிப் பூசி வச்சார். அண்டையிலிருந்து ஒரு மாதம் சப்பாத்து அலுமாரிக்குள்ள கரப்பொத்தான் குடித்தனம் நடத்தினது.

வெள்ளிக்கிழமையில கோயிலுக்குப் போவார். வேட்டி உடுத்து, கீழ அந்தச் சுவேட் சப்பாத்து! சொக்ஸ் போடுங்கோ எண்டா, வேட்டியோட சொக்ஸ் போட்டா ஊர் சிரிக்குமாம். சப்பாத்துக்கு மட்டும் சிரிக்காதாக்கும். கீழ்வீட்டு முஸ்லிம் ராத்தா படியில காணுற நேரமெல்லாம், "ஐயா எங்க, கலியாணத்துக்கா போறீங்க?" எண்டு கேப்பா. இவருக்கு அது பெருமை.

போன மழைக்குள்ள ஒரு வெள்ளிக்கிழமை அப்பிடித்தான் போனவர், வந்தவர், நான்தான் உள்ளுக்கிருந்து என்ர திறப்பால கேற்றைத் திறந்து விட்டன். சனிக்கிழமை விடிய எழும்பினா, அவரிட்ட இருந்த, எங்கட இரும்புக் கேற்றுப் பூட்டின்ர திறப்பைக் காணேல்லை.

"எங்க வச்சனீங்கள்?"

"இஞ்சதான் எங்கையோ கிடக்குமப்பா. ஏன் கத்திறீர்?"

எனக்குத் தலைக்கேறிட்டுது. மெத்தையைப் பிரட்டினன், அரிசிப் பேணியைக் கூடக் கவிட்டுப் பாத்தன். அவர் அந்தச் சுவேட்டையே மாட்டிக்கொண்டு பாண் வாங்க வெளிக்கிட்டார். "கையை விட்டுப் பாத்தனீங்களோ?" எண்டு குசினிக்குள்ள இருந்து கேட்டன். "ஓம் ஓம், பாத்தனான்." பச்சைப் பொய். பின்னேரமும் அதோடதான் கடற்கரை றோட்டில நடந்திட்டு வந்தார், டொக்டர் நடக்கச் சொன்னவராம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான் அவற்ற காலைத் தூக்கிப் பாக்கிறனான். அண்டைக்குப் பாக்கேல்லை. திறப்புச் சண்டையில ரெண்டு பேரும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

ஞாயிறு விடியப் பல்கனியில குந்தியிருந்து சுவேட்டைக் கையில எடுத்தன். வலது சப்பாத்தில பெரிய எண்ணெய்க் கறை. கோயில் விளக்கெண்ணெய் சொட்டியிருக்கு. கண்டறியாத சப்பாத்து, எண்ணெய் எண்டா அதுக்கு நஞ்சு. சோள மாவைத் தூவி, எண்ணெயை உறிஞ்ச விட்டு, பிறகு பிரஷால தட்டுவம் எண்டு உள்ளுக்குக் கையை விட்டு மேல் தோலைத் தாங்கிப் பிடிச்சன்.

விரலில ஏதோ இரும்பு முட்டினது. திறப்பு!

சத்தியமாச் சொல்லுறன், எனக்கு முதல் வந்தது சந்தோசம். அப்பாடா, கிடைச்சிட்டுது எண்டு வாய்விட்டே சொன்னன். இழுத்தா வரேல்லை. ஒட்டிக்கொண்டு கிடந்தது. பலமா இழுத்து எடுத்த கையைப் பாத்தா, விரலெல்லாம் ஈரம். மண்ணிறமும் சிவப்புமா, ஒரு நாத்தம்.

"அட கோதாரி!" எண்டு நான் போட்ட சத்தத்தில அவர் பேப்பரோட ஓடி வந்தார். ஓடி வந்தார், அந்தக் காலால! ஒரு நொண்டல் கூட இல்லை. கதிரையில இருத்தி வலது காலைப் பிரட்டினன். பெருவிரலுக்குக் கீழ, திறப்பின்ர பல்லு அப்பிடியே பதிஞ்சு, நடுவில ஒரு குழி.

"என்னப்பா இது?" எண்டு கேட்டன்.

அவரும் குனிஞ்சு பாத்தார், ஆற்றையோ காலைப் பாக்கிற மாதிரி. பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கோயிலுக்குள்ள சேட்டைக் கழட்டிக் கக்கத்துக்குள்ள சுருட்டி வச்சா பொக்கற்றில கிடக்கிறது விழுந்துபோம், வேட்டி மடியில செருகினாலும் நம்பேலாது. அதாலதான் ஐயா திறப்பைப் பத்திரமாச் சப்பாத்துக்குள்ள போட்டிட்டுப் போயிருக்கிறார். கும்பிட்டிட்டு வந்து அதுக்கு மேலயே காலை வச்சு, வெள்ளியும் சனியும் நடந்திருக்கிறார். வாய் வரைக்கும் வந்த ஏச்சை நான் விழுங்கிப் போட்டன். ஏச எனக்குப் பெலன் இல்லை. உடுப்பை மாத்துங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு மட்டும் சொன்னன்.

த்ரீவீலில போகேக்க, வடைக் கடையைத் தாண்டின நேரமும் அவர் திரும்பிப் பாக்கேல்லை. அப்பதான் எனக்கு உண்மையாப் பயம் பிடிச்சது.

டொக்டர் சிங்கள ஆள், இளந்தாரி. காலைப் பாத்த உடன முகம் மாறிட்டுது. ஒரு மெல்லிய கம்பியைக் காட்டி, இதை உள்ளுக்கு விட்டுப் பாக்கப் போறன், எலும்பில முட்டினால் காலைக் காப்பாத்திறது கஷ்டம் எண்டு இங்கிலிசில எனக்குச் சொன்னார். என்னை வெளியில நிக்கச் சொன்னவை. நான் போகேல்லை.

கம்பி உள்ளுக்குப் போனது.

"ரிதெனவாத?" நோகுதோ எண்டு டொக்டர் சிங்களத்தில கேட்டார்.

"நே, நே," இல்லையெண்டு இவர் தலையாட்டினார்.

கம்பி இன்னும் உள்ளுக்குப் போனது. திரும்பவும் கேட்டார். "இல்லை டொக்டர், ஒண்டும் தெரியேல்லை." இவர் கட்டிலில, மேல சுத்திற ஃபானைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். எனக்கெண்டா முருகா முருகா எண்டு வாய்க்குள்ள ஒரே சொல்லுத்தான். டொக்டர் மெல்லமாக் கம்பியைச் சுத்தி, அசைச்சு, ஆறுதலா வெளியில எடுத்தார்.

"எலும்பில முட்டேல்லை. நல்ல நேரத்தில கொண்டு வந்திருக்கிறியள். கால் தப்பும்."

இவர் தலையைத் திருப்பி என்னைப் பாத்துச் சிரிச்சார். "பாத்தீரோ? சும்மா பயந்திட்டீர். எனக்கு நோகவே இல்லை."

பக்கத்தில மருந்துத் தட்டோட நிண்ட நேர்ஸ் என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ. அம்மா, உங்கட காலுக்கு என்ன எண்டு கேட்டா. அதுக்குப் பிறகுதான் கீழ குனிஞ்சு பாத்தன். கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இவ்வளவு நேரமும் நான் ஒற்றைக் காலில நிண்டிருக்கிறன். வலது கால் தரையில படாமல் மேல தூக்கிக் கிடக்கு, விரலெல்லாம் இறுகிச் சுருண்டு.

ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டு, அந்தக் காலை மெல்லத் தரையில ஊண்டினன். நொந்தது.