மாத்திரையையும் சேர்த்துச் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் சாட்சி சொல்வதற்கென்று ஒரு நடை உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் சபை நடுவே எழுந்து சொல்வதைத்தான் சாட்சி என்கிறோம். அந்த நடையில் டாக்டருக்கு இடமில்லை. ஆபரேஷன் முடிந்து வந்தவர்கூட, "படுத்த படுக்கையா கிடந்தேன், கர்த்தர் எழுப்பி நிறுத்தினார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மறுநாள் தையல் பிரிக்கப் போக வேண்டும் என்பதைச் சொல்லமாட்டார். இதை யாரும் பொய்யாக நினைப்பதில்லை. தேவனுக்குப் போகவேண்டிய மகிமையை இன்னொருவருக்குப் பங்கு வைக்கக் கூடாது என்பது எண்ணம்.

என் மனைவியும் அந்த நடையில்தான் முதலில் சொன்னாள்.

நடந்ததை நாள்வாரியாகக் குறித்து வைப்பது என் பழக்கம். இங்கே அத்தனையும் வேண்டாம், வரிசை மட்டும் போதும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் ஊரை நிறைத்திருந்த வாரத்தில் அவளுக்குக் காசநோய் என்று தெரிந்தது. அந்த வாரமே அரசு மருத்துவமனையில் மாத்திரை தொடங்கினார்கள். புரட்டாசியில் இருமல் நின்றது. ஐப்பசியில் ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். தை மாதம் ஆறு மாத மாத்திரை முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று வந்தது. மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அவள் எழுந்து, "பலவீனமா இருந்தேன், ஜெபத்தைக் கேட்டு கர்த்தர் சுகம் தந்தார்" என்று இரண்டே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நோயின் பெயரைச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் நாங்கள் நெஞ்சுச் சளி என்றே சொல்லி வைத்திருந்தோம். எங்களுக்கு ஜவுளிக்கடை, நாலு பேர் வந்து துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கும் தொழில். பெண்ணுக்கு வரன் வேறு பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஈஸ்டர் கழிந்து மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் வைப்பதென்று கமிட்டி முடிவு செய்தது. "மாறாத சத்தியம்" என்பது தலைப்பு. உலகம் ஆளுக்கொரு நியாயம் பேசுகிறது, நாம் ஒரே சத்தியத்தில் நிற்கிறோம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டுமாம். நோட்டீஸ் அச்சாகி வந்தது. அதில் என் மனைவியின் படம். கீழே கொட்டை எழுத்தில்: "தீராத வியாதி! டாக்டர்கள் கைவிட்டனர்! சபையார் ஜெபித்த அன்றே பூரண சுகம்! சகோதரியின் சாட்சியை நேரில் கேளுங்கள்!"

"நான் எப்பங்க இப்படிச் சொன்னேன்?" என்றாள் அவள். எழுதியவர் கமிட்டிச் செயலாளர். இரும்புக்கடை வைத்திருப்பவர், என் நெடுநாள் சிநேகிதர். பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் இருந்துவிட்டேன்.

அதற்கு மறு வாரம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். சேலை முந்தியால் வாயை மூடியிருந்தாள். ஜாக்கெட் துணி கேட்டாள். நான் அளந்து கிழிக்கும்வரை அவள் பார்வை துணியில் இல்லை, கல்லாவில் இருந்த என் மனைவியிடமே இருந்தது.

"அக்கா, நோட்டீஸ்ல இருக்கது நீங்கதான?"

"ஆமா."

"எனக்கும் அதே மாதிரி தீராத வியாதிதான்க்கா. இருமல். டிபின்னுட்டாக. உங்க படத்தப் பாத்தேன். அன்னைக்கே மாத்திரைய நிறுத்திட்டேன். விசுவாசத்துல நிக்கேன்."

என் மனைவி எழுந்தே விட்டாள். "ஏட்டி, என்ன காரியம் பண்ணிருக்க! எனக்கு வந்ததும் டிபிதான். ஆறு மாசமும் மாத்திரை முழுங்குனேன். ஒரு நாளு விடல. இவுகளக் கேட்டுப் பாரு."

அந்தப் பெண் சிரித்தாள். "நீங்க தாழ்மைக்குச் சொல்லுதிய. ஐயர் பேரு போட்டு அச்சடிச்சு வந்திருக்கது பொய்யா இருக்குமா? இனி மாத்திரையத் தொட்டா அவிசுவாசம்லா ஆயிரும்? ஞாயித்துக்கிழம வாரேங்க்கா. மைக்ல நீங்க உங்க வாயால சொல்லுததக் கேக்கணும்."

எவ்வளவோ சொன்னோம். அவள் அசையவில்லை. மருத்துவமனைக்கு இப்போதே போவோம் என்று என் மனைவி கையைப் பிடித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விடுவித்துக்கொண்டு போய்விட்டாள். கடைக்குள் நின்று சொன்ன உண்மை, அச்சில் வந்த பொய்யிடம் தோற்றுவிட்டது. அவள் உயிர் இனி அந்த மைக்கில் என்ன சொல்லப்படும் என்பதில் இருந்தது.

அன்று மாலையே இரும்புக்கடைக்குப் போனேன். செயலாளர் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைகிட்ட நான் ஒரு வார்த்த பேசுதேன், மாத்திரைய எடுத்துக்கிடும்" என்றார்.

"நாங்க பேசியே எடுக்கல. மேடையில சொன்னாத்தான் கேப்பா. நோட்டீஸ்ல உள்ளது தப்புன்னு சொல்லணும்."

"ஏன்வே, கர்த்தர் சுகமாக்கலன்னு சொல்லச் சொல்லுதீரா?"

"அவருதாம் சுகமாக்குனாரு. மாத்திரையக் கொண்டு சுகமாக்குனாரு. அதையும் சேத்துச் சொல்லணும்."

"அதுக்குப் பேரு சாட்சி இல்ல. மெடிக்கல் ஷாப் விளம்பரம்."

"டாக்டர்கள் கைவிட்டனர்னு போட்டிருக்கே. எந்த டாக்டர் கைவிட்டாரு? மாத்திரை சாப்பிட்டாச்சான்னு ஆஸ்பத்திரியில இருந்து போன் போட்டுப் போட்டுல்லா கேட்டாக?"

"அது ஒரு நடை வே. எல்லா நோட்டீஸ்லயும் அப்படித்தான் போடுவாக."

"சரி, ஜெபிச்ச அன்னைக்கே சுகம்னு இருக்கே? இருமல் நின்னது புரட்டாசி. ஐயர் வந்தது ஐப்பசி."

"உம்ம பஞ்சாங்கத்த வீட்டோட வச்சுக்கிடும்." ஆணியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "அண்ணாச்சி, நல்லா யோசியும். இந்த ஊருல ஒரு கொப்புளம் வந்தாக்கூடக் கோயில் புத்துமண்ண எடுத்துப் பூசிக்கிடுதாக. நமக்கு என்ன இருக்கு? இந்தச் சாட்சி ஒண்ணுதாம்வே இருக்கு. கேக்கவனுக்கு விசுவாசம் வளருதுன்னா, அவனைப் பொறுத்தவரைக்கும் அது உண்மதான்."

அவர் கெட்டவர் அல்ல. என் மனைவி படுத்திருந்தபோது முதலில் வந்து பார்த்தவர் அவர்தான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது, அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்திருந்த ஃப்ளெக்ஸில் "மாறாத சத்தியம்" என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம் தொடங்கியது. வெளியூர்ப் பிரசங்கியார் நன்றாகவே பேசினார். உனக்கு உன் உண்மை, எனக்கு என் உண்மை என்று கல்லூரியிலும் டிவியிலும் சொல்லித் தருகிறார்கள், ஏமாறாதீர்கள் என்றார். இந்த வழக்கை இரு தரப்பிலும் நான் நிறையப் படித்திருக்கிறேன். காலமும் இடமும் மாறினால் நியாயம் மாறும் என்பவர்களின் வாதத்தில் இரக்கம் இருக்கிறது. அதை நான் லேசாக ஒதுக்கியதில்லை. ஆனால் என் கடையில் அரசு முத்திரை குத்திய ஒரு மீட்டர் கோல் இருக்கிறது. ஏழை வந்தால் விலையைக் குறைக்கிறேன், பணக்காரரிடம் குறைப்பதில்லை. இரக்கத்துக்கு அங்கே இடமுண்டு. கோலின் நீளம் மட்டும் யாருக்காகவும் மாறாது. மாறினால் நான் காட்டும் இரக்கத்துக்கும் மதிப்பில்லை. ஆகவே பிரசங்கியார் சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. அவர் எச்சரித்த சரக்கு வெளியிலிருந்து வரவில்லை என்பதுதான் என் கவலை. எங்கள் நோட்டீஸிலேயே அது அச்சாகியிருந்தது.

சனிக்கிழமை வீட்டில் பேசினோம்.

"மாத்திரை சாப்பிட்டேன்னு மட்டும் சொன்னாப் போதும்லா?" என்றேன். "சீக்குப் பேரச் சொல்லணுமா?"

"பேரச் சொல்லாட்டி அந்தப் பிள்ள என்ன நினைக்கும்? அவுகளுக்கு வேற ஏதோ சீக்கு, வேற ஏதோ மாத்திரைன்னு நினைக்கும். சொன்னா முழுசாச் சொல்லணும்ங்க."

"யாவாரம்?"

"நடக்கும்."

"வரன் பாத்துட்டிருக்கோமே?"

"அத மறைச்சுக் கெட்டிக் கொடுத்து, பொறவு தெரிஞ்சா?" என்றாள். உள்ளே படித்துக்கொண்டிருந்த எங்கள் பெண், "அம்மா, நீங்க சொல்லுங்க. ஓடுத மாப்பிள்ள ஓடட்டும்" என்று குரல் கொடுத்தாள்.

ஞாயிறு காலை பந்தலுக்குள் போகுமுன் என் மனைவி ஐயரிடம் நேராகச் சொன்னாள்: "ஐயரே, நோட்டீஸ்ல உள்ளத நான் சொல்லமாட்டேன். நடந்ததத்தான் சொல்லுவேன்." ஐயர் நோட்டீஸை அப்போதுதான் நிதானமாக வாசித்தார் போலிருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நடந்ததயே சொல்லுங்கம்மா" என்றார்.

பந்தல் நிறைந்திருந்தது. கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம் பக்கமிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பெண்கள் பகுதியின் ஓரத்தில், முந்தியால் வாயை மூடியபடி அந்தப் பெண் இருந்தாள். என் மனைவி மைக்கைப் பிடித்ததும் முதலில் அந்த ஓரத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வந்தது டிபி" என்று தொடங்கினாள்.

பந்தலில் விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"இந்த ஊரு அரசு ஆஸ்பத்திரியில ஆறு மாசம் மாத்திரை தந்தாக. ஒரு நாளு விடாம முழுங்குனேன். என்னை எந்த டாக்டரும் கைவிடல. அவுகளக் கொண்டுதான் கர்த்தர் என்னை எழுப்புனாரு. ஐயர் வந்து ஜெபிச்சாக. அப்ப எனக்கு மாத்திரையே வெறுத்துப் போயிருந்துச்சு. அந்த ஜெபம்தான் மிச்சத்தையும் முழுங்குததுக்குப் பெலன் தந்துச்சு. நோட்டீஸ்ல போட்டிருக்கது நடந்தது இல்ல. கர்த்தர் செஞ்சது பெருசு; அதப் பெருசாக்க நம்ம பொய் அவருக்கு வேண்டாம். இங்கன யாராவது என்னைப் பாத்து மாத்திரைய நிறுத்தியிருந்தா, இன்னைக்கே எடுங்க. அது அவிசுவாசம் இல்ல. ஸ்தோத்திரம்."

வழக்கமாக இந்த இடத்தில் அல்லேலூயா முழங்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடையிலிருந்து ஐயர், மைக் இல்லாமலே, கணீரென்று "ஆமென்" என்றார். அதைத் தொடர்ந்து ஆண்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், யாரும் கூப்பிடாமலே எழுந்தார்.

"போன வருசம் சுகர் இறங்குனதுக்கு நான் சாட்சி சொன்னேன். மாத்திரையச் சொல்ல விட்டுப் போச்சு. இன்னைக்கும் காலையில போட்டுட்டுத்தாம் வந்தேன்."

பந்தலே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏ அண்ணாச்சி, அப்படியே அந்த அல்வாவையும் சொல்லிரும்!" என்று கத்தினார். சிரிப்பு அடங்குமுன் பெண்கள் பக்கம் ஒருத்தி எழுந்து தன் கர்ப்பப்பை ஆபரேஷனைச் சொன்னாள். டாக்டரம்மாவுக்காகவும் ஸ்தோத்திரம் என்றாள். இன்னொருவர் இதயத்துக்கு வைத்த ஸ்டென்ட்டைச் சொன்னார். அல்லேலூயா அப்போது வந்தது பாருங்கள், பந்தல் துணி அதிர்ந்தது. அத்தனை ஆண்டுகளில் அந்தச் சபையில் நான் கேட்ட மிகச் சத்தமான ஸ்தோத்திரம் அதுதான்.

கூட்டம் கலையும்போது அந்தப் பெண் என் மனைவியிடம் வந்தாள். "மாத்திரை வீட்டுலதான்க்கா இருக்கு. தூரப் போடல" என்றாள். திங்கட்கிழமை இருவரும் ஒன்றாக மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் முதலில் திட்டினார், பிறகு மறுபடி சளியைச் சோதித்து மாத்திரையைத் தொடங்கினார். நிறுத்தியதால் கூடுதல் காலம் சாப்பிட வேண்டியிருந்தது.

கடையில் சில வாரம் கூட்டம் குறைந்தது உண்மை. இரண்டு வரன்கள் பதில் சொல்லாமல் நின்றன. மூன்றாவதாக வந்த வீட்டார், "உள்ளதச் சொல்லுத வீடுன்னு கேள்விப்பட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். துணி எடுக்க வந்த சில பெண்கள், என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, எங்கே சளி சோதிக்க வேண்டும் என்று கேட்டுப் போனார்கள். செயலாளர் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்து நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்குமுன் கடைக்கு வந்து என் மனைவி முன்னால் நீட்டினார். "வாசிச்சுப் பாத்துத் தாங்க. தேதிய உங்க வீட்டுக்காரர் பாக்கட்டும்."

கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடாக இருந்த ஒரு பகல். கடை நிறைய ஆட்கள். என் மனைவியின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று போனைக் காதிலிருந்து எடுத்தாள். வெளியே சொல்லக் கூசி நாங்கள் ஒளித்து வைத்திருந்த அந்த நோயின் பெயரை, கல்லாவில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"பனவடலிசத்திரத்துப் பிள்ளைக்கு டிபி போயிட்டுங்க! சளியில கிருமியே இல்லையாம்!"

சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பிள்ளை யாரென்று தெரியாது. ஆனாலும் கை தட்டினார்கள்.